பறையைக் காய்ச்சிக்கொண்டே கித்தாருக்குச் சுருதி சேர்க்கிறார்கள்

தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனசில் இருந்தது. சென்னையில் இருப்பவர்கள் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஆனால் கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயலில், அதுவும் மாரிகுப்பம் பக்கத்து மைசூர் மைன்ஸில் உட்கார்ந்து பார்த்தால் அந்தக் குழுவின் கதை வேறு இடத்தில் ஆரம்பிக்கிறது. அவர்கள் கீழ்ப்பாக்கத்தில் மேடை ஏறுவதற்குச் சுமார் நூறு வருஷம் முன்னால், இங்கே.

முதலில் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2018 ஜனவரி 6, சனிக்கிழமை சாயங்காலம், சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானம். பத்தொன்பது பேர் கொண்ட குழு ஒன்று முதன்முதலாக மேடை ஏறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. வடசென்னையின் கானா பாடகர்கள், ராப் பாடுகிற அறிவு, பெண் குரலாக இசைவாணி. பின்னால் டிரம்ஸ், எலெக்ட்ரிக் கித்தார், அவற்றோடு சரிசமமாக சட்டி, கட்ட மோளம், பறை, தவில். இலவச நிகழ்ச்சி. ஆயிரக்கணக்கில் கூட்டம். இட ஒதுக்கீடு, மாட்டுக்கறி, அம்பேத்கர், குடிசையை இடித்து ஊருக்கு வெளியே தூக்கி எறிவது, மலக்குழிச் சாவு என்று மேடையில் அதிகம் பாடப்படாத விஷயங்களையெல்லாம் பாடினார்கள். மக்கள் எழுந்து ஆடினார்கள்.

'அது ராக் பேண்டா?' என்று என் நண்பர் ஒருவர் இன்னமும் சண்டை போடுவார். 2007இல் பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன் வந்தபோது கே.ஜி.எஃப்.பிலிருந்து ரயிலேறிப் போய்ப் பார்த்தவர் அவர். டிஸ்டார்ஷன் போட்ட கித்தார், முழு டிரம் செட், எதிர்த்துப் பேசுகிற பாட்டு, கத்துகிற கூட்டம் எல்லாம் இருக்கிறதே என்றால், 'ஆனா கானா இருக்கே' என்பார். அது இருப்பதால்தான் அதை நான் ராக் என்கிறேன். ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் பருத்திக் காட்டிலும் சிறைக்கூடத்திலும் பாடிய ப்ளூஸ் இல்லாமல் ராக் வந்திருக்காது. சாவு வீட்டுத் திண்ணையில் விடிய விடியப் பாடுகிற கானாவைக் கித்தாரோடு சேர்த்தது தமிழில் அதே வேலையைத்தான் செய்தது. டென்மாவும் மெட்ராஸின் தனியிசை வட்டாரத்திலிருந்து வந்தவர்தான். கபேர் வாசுகியோடு குரங்கன் குழுவில் இருந்தவர்.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன்.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்கம் வெட்ட ஆரம்பித்தது. அதற்குச் சற்று முன்புதான் 1876–78இன் தாது வருஷப் பஞ்சம் வட ஆற்காட்டையும் சித்தூரையும் காலி செய்திருந்தது. அங்கிருந்து நடந்தும் ரயிலேறியும் வந்து சுரங்கக் கூண்டில் இறங்கியவர்கள் எங்கள் முப்பாட்டன்மார். பெரும்பாலும் சேரிகளிலிருந்து வந்தவர்கள். மேலே வெள்ளைக்காரர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் பங்களா, கிளப், நடன அரங்கு, பியானோ, பேண்ட். கீழே எங்களுக்கு லைன் வீடு, தட்டி மறைப்பு, சிலிக்கோசிஸ் இருமல். இந்த ஊரை 'லிட்டில் இங்கிலாந்து' என்று பெருமையாக எழுதுகிறவர்கள் பங்களா பக்கம் மட்டும் பார்த்து எழுதுகிறார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர் இது, இந்தியாவிலேயே ஆகப் பழைய மின்கம்பிகளில் ஒன்று. அந்த வெளிச்சம் லைனுக்கு இறங்கி வரப் பல காலம் ஆனது.

இசையும் அப்படித்தான் பிரிந்து கிடந்தது. கித்தார், டிரம்ஸ், சாக்ஸபோன் எல்லாம் கிளப்பிலும் சர்ச்சிலும். லைனில் பறை. கிளப்பில் எங்கள் ஆட்கள் தட்டு எடுத்தார்கள், தோட்டம் பார்த்தார்கள். அங்கே கேட்ட ட்யூனை வீட்டுக்கு வந்து வாயால் வாசித்த தாத்தாக்கள் பலர் உண்டு. ஆனால் இரண்டும் ஒரே மேடையில் சேர்ந்ததை நான் சின்ன வயசில் பார்த்ததில்லை.

லைனில் பறை இருந்தது என்று சொன்னேன். அதை இன்னும் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் கதையின் மையமே அதுதான்.

அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) ஆரம்பித்த சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளைகள் இருந்தன. பண்டிதர் 1907இல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியபோது அதை வாங்கிப் படித்தவர்களில் சுரங்கத் தொழிலாளிகள் கணிசம். ஷிஃப்ட் முடிந்து வந்து ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்பார்கள். பண்டிதர் காலத்துக்குப் பிறகு 1926இல் 'தமிழன்' மறுபடி உயிர் பெற்று வந்ததும் இதே கே.ஜி.எஃப்.பிலிருந்து, ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு. பண்டிதரின் நூல்களை ஸ்ரீ சித்தார்த்த புத்தகசாலை பல பத்தாண்டுகள் இங்கிருந்தே அச்சடித்து வந்தது. 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து ஞான. அலாய்சியஸ் அயோத்திதாசர் சிந்தனைகளைத் தொகுத்துக் கொண்டுவந்தபோது தமிழ்நாட்டில் பலர் அவரைப் புதிதாகக் கண்டுகொண்டார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அவர் பழகிய பெயர்.

அந்தப் பண்டிதர்தான் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம்மைச் சாதியற்றவர்களாகப் பதியச் சொன்னவர். காஸ்ட்லெஸ் கலெக்டிவ் தன் பெயரை எடுத்துக்கொண்டது அவரிடமிருந்து. ஒரு பத்திரிகைப் பேட்டியில் இதைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் லைன் பாட்டன்மார் பைசா சேர்த்துக் காப்பாற்றி வைத்திருந்த ஒரு சிந்தனை, வடசென்னைப் பையன்களின் மைக்கில் திரும்பி வருகிறது!

ஆனால் இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. பண்டிதர் பறையர் என்ற பெயரையே அடுத்தவர்கள் நம்மீது சுமத்திய இழிபெயர் என்று மறுத்தவர். அவரைப் பின்பற்றிய இங்கத்துப் பௌத்தக் குடும்பங்கள் குடியை விட்டதுபோலப் பறையையும் விட்டன. சாவுக்கு அடி, திருவிழாவுக்கு அடி என்று கட்டாயப்படுத்தப்பட்ட தோலை இறக்கி வைப்பது அவர்களுக்குச் சுயமரியாதை. பின்னால் சிதம்பரம் வட்டாரத்தில் எல். இளையபெருமாள் நடத்திய போராட்டமும் இதே வழிதான். பறை அடிக்க மறுப்பதே அரசியல். இந்த ஊரில் நான் கேள்விப்பட்ட எத்தனையோ வீடுகளில் பறை இருந்த ஆணி மட்டும் மிச்சம்.

அப்படிப்பட்ட வீட்டுப் பேரப் பிள்ளைகள் இன்று பறையைத் தேடித் தேடிக் கற்றுக்கொள்கிறார்கள். முதலில் சில பெரியவர்கள் கோபப்பட்டார்கள். 'நாங்க கஷ்டப்பட்டு இறக்கி வெச்சத நீங்க எதுக்குடா மறுபடி தோள்ல மாட்டுறீங்க?' என்று ஒரு பெரியவர் கேட்டதை நானே காதால் கேட்டேன். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதைத் தட்டிவிட்டுப் பேச எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அவர் அப்படிக் கேட்ட பையன் சொன்ன பதிலும் நியாயம்: 'அப்ப அடிக்கச் சொன்னாங்க தாத்தா. இப்ப நாங்களா அடிக்கிறோம். சாவுக்குப் போக மாட்டோம்.' காஸ்ட்லெஸ் கலெக்டிவுக்கு முன்னாலேயே திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழு, மணிமாறன் – மகிழினி நடத்தும் புத்தர் கலைக்குழு போன்றவர்கள் பறையை மேடைக் கலையாக நிமிர்த்தி நிறுத்தியிருந்தார்கள். அந்தக் கடன் பெரிது. காஸ்ட்லெஸ் கலெக்டிவ் கூடுதலாகச் செய்தது என்ன? பறையைக் கித்தார் ஆம்ப்பின் பக்கத்தில், அதே ஒலிபெருக்கியில், அதே அளவு சத்தத்தில் வைத்தது. பதினெட்டு வயசுப் பையனுக்கு அது பாரம்பரியமாக இல்லாமல் அவன் காலத்து இசையாகக் கேட்டது. தாக்கம் என்று நான் சொல்வது இதைத்தான்.

எங்கள் ஊர்ப் பையன்களின் மேடை தயாராவதை நீங்கள் கிட்ட நின்று பார்க்க வேண்டும். ஏப்ரல் 14 அம்பேத்கர் ஜெயந்தி எங்கள் ஊரில் பெரிய திருநாள். பாபாசாகேபே 1954இல் வந்து போன ஊர் இது. சாயங்காலம் மேடைக்குப் பின்னால் ஒருத்தன் காய்ந்த ஓலையையும் பழைய பேப்பரையும் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருப்பான். சூட்டில் தோல் விறைக்க விறைக்க, சுண்டுகுச்சியால் தட்டித் தட்டிப் பார்ப்பான். மொத்தென்று இருந்த சத்தம் மெல்ல மெல்லக் கணீரென்று ஏறும். இரண்டடி தள்ளிப் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து இன்னொருத்தன் கித்தார் தலையில் ட்யூனரை மாட்டி ஆணியைத் திருகிக்கொண்டிருப்பான். இரண்டு பேரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். சிக்கல் எங்கே என்றால், கித்தார் ஏற்றிய சுருதியில் நிற்கும், பறை நிற்காது. காற்று ஈரமானால், சூடு ஆறினால், நாலாவது பாட்டில் தோல் தொய்ந்துவிடும். கே.ஜி.எஃப். கடல் மட்டத்திலிருந்து எண்ணூறு மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர். மார்கழி, தை மாதத்தில் இரவு ஏழு மணிக்கே குளிர் இறங்கிவிடும். அதனால் பாட்டு வரிசையையே அதற்கேற்பப் போடுகிறார்கள். இரண்டு பறைப் பாட்டு, பிறகு ஒரு கித்தார்ப் பாட்டு. அந்த இடைவெளியில் மறுபடி காய்ச்சல். சிலர் தோலை விட்டு ஃபைபர் பறைக்கு மாறிவிட்டார்கள். சுருதி நிற்கிறது, ஆனால் அடிவயிற்றில் வந்து இடிக்கிற அந்த இடி அதில் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

இதையெல்லாம் யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. யூடியூபில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, யார் எங்கே நிற்கிறார்கள், சட்டிக்கு மைக் எந்தப் பக்கம் என்று கற்றுக்கொண்டார்கள்.

மைசூர் மைன்ஸ் காது அந்தப் பாட்டுகளுக்கு உடனே திறந்ததற்கு இன்னொரு காரணம் பேச்சு. எங்கள் தமிழ் வட ஆற்காட்டுத் தமிழ். சினிமாவில் ரவுடிக்கும் காமெடியனுக்கும் மட்டும் கொடுக்கப்படும் அந்தப் பேச்சுக்கும் வடசென்னைப் பேச்சுக்கும் நெருக்கம் அதிகம். வீட்டில் பேசுகிற மாதிரியே ஒருத்தர் மேடையில் நின்று தலைநிமிர்ந்து பாடுவதைக் கேட்பது சின்ன விஷயமில்லை. பெங்களூரில் வேலைக்குப் போனால் கன்னடமும் இங்கிலீஷும் பேச வேண்டும். சென்னைக்குப் போனால் நம் தமிழைக் கேட்டுச் சிரிப்பார்கள். இரண்டு பக்கமும் வாயை மூடிக்கொண்டு வளர்ந்த பையன்களுக்கு அந்தக் குரல் என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அறிவு அரக்கோணத்துக்காரர். எங்கள் முன்னோர் புறப்பட்டு வந்த அதே மண். 2019இல் ஆஃப்ரோவோடு சேர்ந்து அவர் கொண்டுவந்த 'தெருக்குரல்' ஆல்பமும், 2021 மார்ச்சில் பாடகி தீயோடு பாடி, சந்தோஷ் நாராயணன் இசையில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யும் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தன. அந்தப் பாட்டின் வேர் அவருடைய பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நிலமில்லாமல் திரும்பி வந்தவர். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் விளக்கம் தேவைப்படவில்லை. பஞ்சமும் சாதியும் துரத்திய வீடுகளிலிருந்து ஒரு கூட்டம் கப்பலேறித் தேயிலைக்குப் போனது, இன்னொரு கூட்டம் ரயிலேறித் தங்கத்துக்கு வந்தது. 120 வருஷத்தில் இந்த மண்ணிலிருந்து எடுத்தது சுமார் 800 டன் தங்கம். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடியபோது தோண்டியவர்களுக்கு மிஞ்சியது சயனைட் கழிவு மேடும் காலி லைனும். வள்ளியம்மாள் பாட்டியின் கதையைக் கேட்டுவிட்டு எங்கள் பையன்கள் தங்கள் பாட்டிகளிடம் போய்க் கதை கேட்டார்கள். சுரங்கத்துப் பாறை வெடிப்பில் போன தாத்தாவைப் பற்றி, மூடிய ஷாஃப்டைப் பற்றிப் பாட்டு எழுதினார்கள். எழுதிய பாட்டெல்லாம் நன்றாக இருக்கிறதா? எல்லாம் இல்லை. சில, கோஷத்தோடு நின்றுவிடுகின்றன. ஆனால் தன் லைனைப் பற்றிப் பாட்டு எழுதலாம் என்பதே இந்த ஊரில் புதுசு.

இசைவாணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கானா என்றால் ஆம்பளைங்க விஷயம் என்றிருந்த இடத்தில், ராயபுரத்திலிருந்து வந்து மேடை நடுவில் நின்றவர். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. அந்த வருஷத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் பெண் பிள்ளைகள் பாட வருவதற்கு வீட்டில் கேட்கிற கேள்வி கொஞ்சம் குறைந்திருக்கிறது. முழுசாகப் போய்விடவில்லை. சர்ச் கொயரில் பாட அனுப்புகிற அதே அப்பா, பறைக் குழுவோடு பாட அனுப்ப இன்னும் தயங்குகிறார்.

சினிமாவுக்குள் அந்தக் குழு கரைந்துவிட்டது என்று ஒரு குறை சொல்வார்கள். பாதி உண்மை. டென்மா 'இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு' (2019), 'நட்சத்திரம் நகர்கிறது' (2022) படங்களுக்கு இசையமைத்தார். குழுவின் கானா முத்துவும் இசைவாணியும் 'சார்பட்டா பரம்பரை'யில் பாடினார்கள். அறிவு தனி வழி பிடித்தார். பத்தொன்பது பேரும் ஒன்றாக நின்ற அந்த மேடை அரிதாகிவிட்டது. எனக்கும் அதில் வருத்தம் உண்டு. ஸ்டுடியோவில் பதிவான பாட்டுகளைவிட நேரில் அவர்களுக்கு இருந்த வேகம் பல மடங்கு. அதை ஒரு நல்ல நேரடிப் பதிவாகவாவது முழுசாகக் கொண்டுவந்திருக்க வேண்டும். ஆனால் 2020 டிசம்பரில் நீலம் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' அந்த முதல் மேடையின் நேரடித் தொடர்ச்சிதான். சபாக்களின் மாசத்தில் ஒப்பாரியும் கானாவும் பறையும் ராப்பும் மேடையேறின. கிடாக்குழி மாரியம்மாள் போன்ற ஒரு பெரிய குரலை நகரத்து ஆட்கள் பலர் கேட்டது அப்படித்தான்.

எல்லாப் பெருமையையும் ஒரே குழுவின் தலையில் கட்டுவதும் தப்பு. தமிழ் ராப்புக்கு மலேசியாவின் யோகி பியும் நட்சத்ராவும் 2006லேயே 'வல்லவன்' ஆல்பத்தில் பாதை போட்டுவிட்டார்கள். தாராவியின் டோப்அடெலிக்ஸ் தங்கள் தெருவை ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்தார்கள். பஞ்சாபில் கின்னி மாஹி தன் சாதிப் பெயரையே நிமிர்த்திப் பிடித்துப் பாடியது 2016இல். காற்று பல பக்கத்திலிருந்தும் அடித்தது. எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது மட்டும் கீழ்ப்பாக்கம் மைதானத்தின் வழியாக.

ஒரே ஒரு நிகழ்ச்சி ஒரு ஊரைத் தூண்டிவிடுவது புதிதல்ல. 1976 ஜூன் 4இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற குழு ஒரு சின்ன ஹாலில் வாசித்தது. வந்தது சில டஜன் பேர். அதைப் பார்த்துவிட்டுப் போன பையன்களில் சிலர் ஜாய் டிவிஷன் என்ற குழு ஆனார்கள். அந்த நிகழ்ச்சியை ஏற்பாடு செய்த பையன்கள் பஸ்காக்ஸ் என்ற குழுவையே நடத்தினார்கள். மில்கள் மூடிக்கொண்டிருந்த தொழிலாளர் ஊர் அது. 'நம்மளும் செய்யலாம் போலிருக்கே' என்ற ஒரு எண்ணம் போதுமாக இருந்தது. சுரங்கம் மூடிய எங்கள் ஊரில் அந்த எண்ணம் செல்போன் வழியாக வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

விடியற்காலை மாரிகுப்பத்திலிருந்து பெங்களூர் கிளம்புகிற ரயிலில் ஏறிப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் ஜனம். கம்பெனி செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், ஐ.டி., ஆஸ்பத்திரி வேலை என்று போகிறவர்கள். போக இரண்டு இரண்டரை மணி நேரம், வர அதே அளவு. எங்கள் பையன்கள் ரிகர்சல் பார்ப்பது பாதி நாள் இந்த ரயிலில்தான். ஒருத்தன் சீட்டின் பலகையில் விரலால் சட்டி அடிக்கிறான், இன்னொருத்தன் டிபன் பாக்ஸில் எதிர்த்தாளம், மூன்றாவது ஆள் போனில் எழுதிய வரியைச் சன்னமாகப் பாடிப் பார்க்கிறான். பங்காருப்பேட்டை தாண்டுவதற்குள் ஒரு பல்லவி ஆகிவிடும். ஞாயிறு ஒரு நாள்தான் வாத்தியத்தோடு சேர முடியும். வாடகைக்கு ஆம்ப், கடன் வாங்கிய டிரம் செட்.

இவர்களை ஜெயந்திக்கும் கல்யாணத்துக்கும் கூப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மெல்லிசைக் குழுவுக்கு அட்வான்ஸ் கொடுக்கிற அதே ஆட்கள் இவர்களிடம் 'நம்ம பசங்கதானே' என்று சாப்பாடு போட்டு, சால்வை போர்த்தி அனுப்பிவிடுகிறார்கள். கீபோர்டு வாசிக்கிறவருக்கு ஒரு தொகை, பறை அடிக்கிறவருக்கு அதில் பாதி என்று பிரித்துக் கொடுத்ததையும் பார்த்தேன். சாதியற்ற மேடை என்று பேனர் கட்டிவிட்டு அதைச் செய்யக் கூடாது. மைசூர் மைன்ஸ், சாம்பியன் ரீஃப், ஊரிகம், ஆண்டர்சன்பேட்டை விழாக் குழுக்களுக்கு என் வேண்டுகோள்: தேதி கேட்கும்போதே சம்பளத்தையும் பேசுங்கள், முன்பணம் கொடுங்கள், பறைக்கும் கித்தாருக்கும் ஒரே தொகை கொடுங்கள்.